என்ஜின் நிற்பது வானத்தில், பழுது தொடங்குவது தரையில்

மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் டி'ஏஞ்செலிஸ், சிம்சன் கம்பெனியில் செய்வித்த விமானத்தை 1910-லேயே சென்னையில் பறக்கவிட்டார். இன்று என்.சி.சி. மாணவர்கள் மைக்ரோலைட் என்ற எடை குறைந்த சிறு விமானத்தில் பயிற்சி பெறுகிறார்கள். பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோரிடமும், ஆர்வத்தில் துள்ளும் இளைஞர்களிடமும் சில தவறான எண்ணங்கள் உலவுகின்றன. அவற்றைக் களைவது உயிர் காக்கும் வேலை.

நம்பிக்கை: என்ஜின் நின்றால் விமானம் கல்லாக விழும்.

உண்மை: விழாது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்தால் சறுக்கி இறங்கும். சாதாரண மைக்ரோலைட் 1,000 அடி உயரத்திலிருந்து சுமார் 2.4 கி.மீ. போகும், கபாலீஸ்வரர் கோயில் குளத்துக்கும் அடையாறு திரு.வி.க. பாலத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். உயிரைப் பறிப்பது வேறு: புறப்பட்ட சில நூறு அடியில் என்ஜின் நின்றதும், ஓடுதளத்துக்கே திரும்ப முயன்று வேகத்தை இழப்பது. அந்த உயரத்தில் நேர் எதிரே உள்ள வெட்டவெளியே புகலிடம்.

நம்பிக்கை: சென்னை வெயிலில் என்ஜினுக்குள் பனி உறையாது.

உண்மை: உறையும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் அது ஆவியாகும்போது உள்ளே 20 டிகிரிக்கு மேலும் வெப்பம் குறையலாம். நம் கடற்கரைக் காற்றின் ஈரம் அங்கே பனியாகப் படிந்து காற்றுவழியை அடைக்கும். இறங்குவதற்காக த்ராட்டிலைக் குறைக்கும் நேரத்தில்தான் இந்த ஆபத்து அதிகம்.

நம்பிக்கை: தி. நகர் பங்க்கில் காருக்குப் போடும் பெட்ரோலே போதும்.

உண்மை: பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். மைக்ரோலைட்டுகளில் பரவலாக உள்ள ரோட்டாக்ஸ் 912 என்ஜினுக்குத் தயாரிப்பாளர் அனுமதிப்பது 10 சதவீதம் வரைதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அதனால்தான் பறக்குமுன் அடிக்குழாயைத் திறந்து, கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். அடியில் முத்துப்போலத் தண்ணீர் நின்றால், அது போகும்வரை வடிக்க வேண்டும்.

நம்பிக்கை: அதிகம் ஓடாத என்ஜின் புதுசு மாதிரி.

உண்மை: சும்மா நிற்கும் என்ஜினை உப்புக்காற்று அரிக்கிறது. ரப்பர் குழாய்கள் வெடிக்கின்றன. பறந்த மணிக்கணக்கு எவ்வளவு குறைவாக இருந்தாலும், 912 என்ஜினின் ரப்பர் குழாய்களை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒரே வேண்டுகோள்: விமானத்தில் ஏறுமுன் பராமரிப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக எந்த வேலை, எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் நடந்தது என்று பாருங்கள். காட்டத் தயங்கினால் அன்று பறக்க வேண்டாம்.