தேடல் பெட்டியில் மெனு மங்கித் தெரிந்தால்

கணினிச் செயலியின் தேடல் பெட்டியைப் பயன்படுத்தும்போது ‘நகலெடு’, ‘ஒட்டு’ போன்ற மெனுக் கட்டளைகள் மங்கிச் செயலற்றிருப்பதற்கு, தட்டச்சு செய்வது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பதைத் தீர்மானிக்கும் ‘குவியம்’ வேறிடத்தில் இருப்பதும் ஒரு காரணமாகும்.

• பெட்டிக்குள் ஒருமுறை சொடுக்கி, கர்சர் அங்கே துடிப்பதை உறுதிசெய்த பின்னரே மெனுவைத் திறக்க வேண்டும்.

• எழுத்துகள் தேர்ந்தெடுக்கப்படாதபோது ‘நகலெடு’ கட்டளையும், நகலெடுத்ததைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கிளிப்போர்டில் உரை இல்லாதபோது ‘ஒட்டு’ கட்டளையும் மங்குவது இயல்பே என்பதால், அதைப் பழுதெனக் கருத வேண்டியதில்லை.

• எழுத்துகளைத் தேர்ந்தெடுத்த பிறகும் ‘நகலெடு’ மங்கியே இருக்க, விண்டோஸில் கன்ட்ரோல், சி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மட்டும் நகலெடுக்க முடிகிறதெனில், மெனு தன் நிலையைப் புதுப்பிக்கத் தவறியிருக்கக்கூடும். அப்போது பணியைச் சேமித்துவிட்டுச் செயலியை மூடித் திறப்பதும், அதன் புதிய பதிப்பை நிறுவுவதும் தக்க வழிகளாகும்.