சின்னப் பிள்ளைகளை விடுதியில் சேர்க்கும் முன்

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளை விடுதியில் சேர்க்கலாமா என்று நம் ஜமாஅத்தார் பலர் கேட்கிறார்கள். நம் மாவட்டத்திலேயே ஒரு பழைய முன்மாதிரி உண்டு. அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-இல் கொடைக்கானலில் ‘ஹைகிளர்க்’ உறைவிடப் பள்ளியைத் தொடங்கினர். முதலில் 13 பிள்ளைகள்தான். இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதுவே. (கட்டணத்தை விசாரித்து மலைக்க வேண்டாம்!) நாம் கவனிக்க வேண்டியது விடுமுறை ஏற்பாட்டை. கோடையில் பெற்றோர் மலையேறி வந்து பிள்ளைகளோடு தங்கினார்கள். குளிர்காலத்தில் நீண்ட விடுமுறை. பிள்ளைகள் சமவெளிக்கு இறங்கி வீட்டில் இருந்தார்கள். பிரிவுக்கு ஓர் அளவு வைத்திருந்தார்கள். நம்மில் சிலரோ பெருநாளுக்குப் பெருநாள்தான் பிள்ளையின் முகம் பார்க்கிறோம். பாடத்திட்டத்தைக் கேட்பதற்கு முன், இரவில் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் யார் இருப்பார், மாதம் எத்தனை நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்து அதற்குப் பிறகு.