முறை தவறிய திருத்தம்

சென்ற ஆண்டு சோதனைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், கோரம் இல்லாத மகாசபையில் நிறைவேறிய உபவிதித் திருத்தம் செல்லாதென எழுத நேர்ந்தது. “நல்ல திருத்தந்தானே, ஐயா?” என்று அங்கத்தினர் வருந்தினர். நல்லதுதான், ஆயினும் முறை தவறிவிட்டது. பார்லிமெண்டுக்கே இவ்வாறு நேர்ந்ததுண்டு.

1950-இல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டம், கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்தது. 2011-ஆம் ஆண்டின் 97-ஆவது திருத்தம் செய்த காரியங்களில் இரண்டு இங்கே குறிப்பிடத்தக்கவை. கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை 19-ஆம் ஷரத்தின் அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. மேலும், இயக்குநர்கள் 21 பேருக்கு மேற்படலாகாது, பதவிக்காலம் 5 ஆண்டு என்பன போன்ற விதிகளுடன் புதிய பகுதி ஒன்றையும் புகுத்தியது.

விதிகளில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் மாநில அதிகாரத்தைச் சுருக்கும் திருத்தத்திற்கு, பார்லிமெண்டின் இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தால் மட்டும் போதாது. மாநிலச் சட்டசபைகளில் பாதியேனும் இசைய வேண்டுமென்பது 368-ஆம் ஷரத்து. அவ்விசைவு பெறப்படவில்லை. குஜராத் ஹைகோர்ட்டு 2013-இல் அப்பகுதியைத் தள்ளியது. 2021 ஜூலை 20-இல் சுப்ரீம் கோர்ட்டு, பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கு மட்டும் அதனை நிலைநிறுத்தி, ஏனையவற்றிற்குச் செல்லாதென்றது. அடிப்படை உரிமையை அத்தீர்ப்பு தொடவில்லை.

ஆகவே நம் சங்கத்தில் தேர்தல் தாமதமானால், அங்கத்தினர் எடுத்துப் பார்க்க வேண்டியவை 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் உபவிதிகளுமே.

முற்கூறிய சங்கத்தார் மறுமுறை மகாசபை கூட்டினர். கோரம் நிறைந்தது, திருத்தமும் பதிவாயிற்று.