நோட்டும் சாஃப்ட்வேரும் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும்



சேமிப்பு, உள்கடன், தீர்மான நோட்டு, பொதுப் பேரேடு பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த இதழில் கொஞ்சம் புதுப் பாடம். சேமிப்போடு நிற்காமல் தொழிலும் செய்கிற குழுக்களுக்கு இது உடனே உதவும். மற்றவர்களும் படித்து வைத்துக்கொண்டால் நாளைக்குக் கை கொடுக்கும்.

எண்ணெய், மசாலாப் பொடி என்று விற்கத் தொடங்கினால், யாராவது ஒருவர் வந்து, "உங்க வாடிக்கையாளர் விவரமெல்லாம் போனிலேயே வெச்சுக்கலாம், ஒரு சாஃப்ட்வேர் இருக்கு" என்று சொல்வார். அது நல்லதா? வாங்கினால் நம்ம நோட்டுகளைத் தூக்கி எறிந்துவிடலாமா? இந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்துப் பதில் பார்ப்போம்.

இது என்ன சாஃப்ட்வேர்?

யார் நம்மிடம் வாங்கினார்கள், எப்போது வாங்கினார்கள், எவ்வளவு வாங்கினார்கள், அடுத்து எப்போது கேட்பார்கள் என்பதைப் பதிந்து வைப்பதுதான் வாடிக்கையாளர் மேலாண்மை சாஃப்ட்வேர். கடைக்காரர் மனசில் வைத்திருக்கும் கணக்கை இது எழுத்தில் வைக்கிறது.

இது 'கிளவுட்' முறையில் வேலை செய்கிறது. கிளவுட் என்றால் மேகம். நம் விவரம் நம்ம போனுக்குள் மட்டும் இருக்காது. வேறு ஊரில் உள்ள பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கும். நாம் இன்டர்நெட் வழியாகப் பார்ப்போம், எழுதுவோம். வங்கியை நினைத்துப் பாருங்கள். பாஸ்புத்தகம் நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, கணக்கு வங்கியில் இருக்கிறது. பாஸ்புத்தகம் தொலைந்தாலும் பணம் தொலையாது. அதுபோல, போன் கிணற்றில் விழுந்தாலும் வாடிக்கையாளர் விவரம் போகாது.

இதைச் செய்பவர்கள் எங்கோ வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நம் தமிழ்நாட்டு ஜோஹோ நிறுவனம் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 2005-ல் இப்படி ஒரு வாடிக்கையாளர் சாஃப்ட்வேரை வெளியிட்டது. தென்காசி பக்கம் மத்தளம்பாறை கிராமத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு. இதையே வாங்குங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கிராமத்தில் உட்கார்ந்து செய்ய முடிகிற வேலையை, கிராமத்துப் பெண்கள் புரிந்துகொள்ளவும் முடியும் என்பதற்காகச் சொல்கிறோம்.

ஐந்து நோட்டு, ஒரு வியாபாரம்

ஒரு உதாரணம் பார்ப்போம். சிங்கவரத்தில் ஒரு குழு மணிலா எண்ணெய் ஆட்டி விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரங்கநாதர் மலைக்கு வருகிறவர்கள் வாங்குகிறார்கள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டிய ராணுவத் தலங்களில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களும் வாங்கிப் போய், பிறகு போனில் ஆர்டர் சொல்கிறார்கள்.

ஒரு வாடிக்கையாளர் 3 லிட்டர் கேட்கிறார். லிட்டர் 240 ரூபாய் என்றால் மொத்தம் 720 ரூபாய். கையில் 500 கொடுத்துவிட்டு, "மீதி 220 அப்புறம் தரேன்மா" என்கிறார். இந்த ஒரே வியாபாரத்தை எத்தனை இடத்தில் எழுத வேண்டும் பாருங்கள்.

1. ஆர்டர் நோட்டில் 3 லிட்டர்.
2. இருப்புப் பதிவேட்டில் 3 லிட்டர் கழிவு.
3. பில் புத்தகத்தில் ரூ.720.
4. ரொக்கப் புத்தகத்தில் வரவு ரூ.500.
5. பாக்கி நோட்டில் ரூ.220.

நான்கு நாள் கழித்து அவர் அந்த 220 ரூபாயை ஒரு உறுப்பினரின் போனுக்கு ஜிபே பண்ணிவிடுகிறார். அந்த அக்காவும் பணத்தைக் குழுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார். ரொக்கக் கணக்கு சரி. ஆனால் பாக்கியைப் புது சாஃப்ட்வேரில் யாரும் கழிக்கவில்லை. மாதக் கடைசியில் சாஃப்ட்வேர் தானாகவே அவருக்குச் செய்தி அனுப்புகிறது: "உங்கள் பாக்கி ரூ.220, உடனே செலுத்தவும்."

பணம் கட்டியவருக்கு இந்தச் செய்தி போனால் எப்படி இருக்கும்? அவர் மறுபடி நம்மிடம் எண்ணெய் வாங்குவாரா? குழுவுக்குள்ளும், "பணம் வாங்கினது யாரு? எங்க போச்சு?" என்று பேச்சு கிளம்பும். நேர்மையாகப் பணம் கட்டிய அக்கா மேல் சந்தேகம் விழும். 220 ரூபாய் கணக்குப் பிழையால் பத்து வருஷக் குழு இரண்டாக நிற்கலாம். சாஃப்ட்வேரைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்குத் தெரிந்ததை அது சொன்னது. அதற்கும் நம்ம ரொக்கப் புத்தகத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பேச்சுவார்த்தையை ஏற்படுத்துவதற்குப் பெயர்தான் இணைப்பு. ஒரு இடத்தில் ஒருமுறை எழுதினால், தேவையான மற்ற இடங்களுக்கு அது தானாகப் போய்ச் சேர வேண்டும்.

நமக்குத் தெரிந்த இணைப்பு

கேஸ் சிலிண்டரைப் பாருங்கள். போனில் பதிவு செய்கிறோம். நம் எண்ணை வைத்தே நாம் யார், எந்த ஏஜென்சி என்று தெரிந்துகொள்கிறார்கள். பில் வருகிறது, சிலிண்டர் வருகிறது, செய்தியும் வருகிறது. 2015 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் கேஸ் மானியத்தை வங்கிக் கணக்குக்கே அனுப்பும் திட்டம் வந்தபோது, கேஸ் நிறுவனக் கணக்கும் வங்கிக் கணக்கும் கைகோத்தன. அப்போது நாம் என்ன செய்தோம்? நுகர்வோர் எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் என்று எடுத்துக்கொண்டு அலைந்தோம். எண்கள் பொருந்தியவர்களுக்குப் பணம் வந்தது. பொருந்தாதவர்கள் சரிசெய்ய வேண்டியிருந்தது. சாஃப்ட்வேர் இணைப்பிலும் முக்கால்வாசி வேலை இதுதான், அதாவது பொருத்திப் பார்ப்பது.

இணைப்பதற்கு முன் மூன்று வேலை

முதல் வேலை: ஒருவருக்கு ஒரு எண். நம்ம பக்கத்தில் லட்சுமி என்ற பெயரில் எத்தனை பேர்! ஆர்டர் நோட்டில் 'லட்சுமி அக்கா', பில்லில் 'லட்சுமி, மேற்குத் தெரு', பாக்கி நோட்டில் 'டீச்சர் லட்சுமி' என்று இருந்தால், அது ஒருவரா மூவரா என்று மிஷினுக்குத் தெரியாது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 1, 2, 3 என்று எண் கொடுங்கள். எல்லா நோட்டிலும் பெயரோடு அந்த எண்ணையும் எழுதுங்கள். போன் நம்பரையே அடையாளமாக வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் போன் நம்பர் மாறும். கொடுத்த எண் மாறாது.

இரண்டாவது வேலை: ஒரு விவரத்துக்கு ஒரே தாய். ஒவ்வொரு விவரத்துக்கும் எந்தப் பதிவேடு தாய் என்று தீர்மானம் போடுங்கள். வாடிக்கையாளரின் முகவரி, போன் நம்பருக்குப் புது சாஃப்ட்வேர் தாய். எண்ணெய் இருப்புக்கு இருப்புப் பதிவேடு தாய். பணத்துக்கும் பாக்கிக்கும் கணக்குப் புத்தகம் தாய். கூட்டமைப்பு அலுவலகத்தில் டேலியில் கணக்கு எழுதினால் அது தாய். திருத்தத்தைத் தாயிடம்தான் செய்ய வேண்டும். மற்றவை அதைப் பார்த்து மாறிக்கொள்ளும். இரண்டு இடத்திலும் ஆளுக்கு ஆள் திருத்தினால் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது வேலை: நோட்டை நேராக்குவது. தப்பான நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் தப்பு வேகமாகப் பரவும், சரியாகாது. நபார்டு வங்கி 2015 மார்ச் 15-ல் 'இ-சக்தி' திட்டத்தை ஜார்கண்டின் ராம்கர், மகாராஷ்டிராவின் துலே ஆகிய இரண்டு மாவட்டங்களில் தொடங்கியது. குழுக்களின் சேமிப்பு, கடன் விவரங்களை உறுப்பினர் வாரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை அது. குழு எப்படி நடக்கிறது என்று வங்கி அங்கேயே பார்க்க முடிந்தது, உறுப்பினருக்கும் போனில் செய்தி வந்தது. நோட்டில் உள்ளதே அங்கே போனது. நோட்டில் ஒரு உறுப்பினரின் தவணை விட்டுப்போயிருந்தால், அவர் தவணை தவறியவராகத்தான் அங்கேயும் தெரிந்திருப்பார்.

எப்படி இணைப்பது?

மூன்று வழி உண்டு.

1. கையால் ஏற்றுவது: வாரம் ஒருமுறை ஒரு சாஃப்ட்வேரிலிருந்து பட்டியலை இறக்கி, இன்னொன்றில் ஏற்றுவது. செலவு குறைவு. ஆனால் நடுவில் இருக்கும் ஆறு நாள் இரண்டும் ஒத்துப்போகாது. சின்னக் குழுவுக்கு இதுவே போதும்.

2. தயாராக உள்ள இணைப்பு: சில சாஃப்ட்வேர்களில் கணக்கு சாஃப்ட்வேரோடு சேரும் வசதியை அவர்களே வைத்திருப்பார்கள். எந்த விவரம் எங்கே போக வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும்.

3. தனியாக எழுதி வாங்குவது: இதற்கு ஏபிஐ என்ற வழியைப் பயன்படுத்துவார்கள். ரேஷன் கடை ஜன்னல் மாதிரி அது. நாம் குடோனுக்குள் போவதில்லை. ஜன்னலில் கார்டைக் காட்டுகிறோம், நமக்கு உரியதைக் கொடுக்கிறார்கள். ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றின் ஜன்னலில் போய், "45-ம் நம்பர் வாடிக்கையாளரின் பாக்கி என்ன?" என்று கேட்கும். அதற்கு மட்டும் பதில் வரும். செலவு அதிகம். கூட்டமைப்பு அளவில் யோசிக்க வேண்டியது இது.

ஒரே நாளில் மாறாதீர்கள்

2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது ஞாபகம் இருக்கும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பணம் போக வேண்டும். அதற்கு முன் வங்கிக் கணக்குகளுக்கு ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபார்த்தார்கள். ஒரு ரூபாய் ஒழுங்காகப் போனால் ஆயிரம் ரூபாயும் ஒழுங்காகப் போகும்.

இதற்கு நேர் எதிராக இங்கிலாந்தில் ஒன்று நடந்தது. அங்கே டி.எஸ்.பி. என்ற வங்கி, 2018 ஏப்ரலில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புது சாஃப்ட்வேருக்கு மாற்றியது. திங்கட்கிழமை லட்சக்கணக்கானவர்களால் தங்கள் கணக்கைத் திறக்க முடியவில்லை. 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தார்கள். அத்தனை பெரிய வங்கிக்கே அந்த நிலை!

அதனால் நாம் முதலில் பத்து வாடிக்கையாளரை மட்டும் ஏற்றிப் பார்ப்போம். அது சரியாக வந்தால் எல்லாரையும் ஏற்றலாம். குறைந்தது இரண்டு மாதம் நோட்டும் சாஃப்ட்வேரும் சேர்ந்து நடக்கட்டும். இரண்டு மாதமும் இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் ஆர்டர் நோட்டை நிறுத்தலாம். தீர்மான நோட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் எப்போதும் நிறுத்தக் கூடாது.

மாதக் கடைசி சரிபார்ப்பு

இரண்டு கணக்கு போட்டால் போதும்.

இருப்பு: மாத ஆரம்பத்தில் 40 லிட்டர், ஆட்டியது 60 லிட்டர், விற்றது 72 லிட்டர். மீதி 28 லிட்டர் டின்னில் இருக்கிறதா? அளந்து பாருங்கள்.

பணம்: 72 லிட்டர், லிட்டர் 240 ரூபாய் வீதம் ரூ.17,280. ரொக்கம் 9,600, வங்கியில் வந்தது 6,000, பாக்கி 1,680. மூன்றையும் கூட்டினால் 17,280 வருகிறதா? சாஃப்ட்வேர் காட்டும் விற்பனையும் பாக்கியும் இதே தொகையா?

வித்தியாசம் வந்தால் அன்றைக்கே பில் வாரியாகத் தேடுங்கள். அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

விற்க வருகிறவரிடம் கேளுங்கள்

1. மாதம் எவ்வளவு? ஆளுக்கு ஆள் தனிக் கட்டணமா?
2. தமிழில் எழுத முடியுமா? நெட் இல்லாத நேரத்தில் பதிய முடியுமா?
3. நம் கணக்கு சாஃப்ட்வேரோடு சேருமா? சேர்த்துக் காட்டுங்கள், பார்த்த பிறகு பணம் தருகிறோம்.
4. நாங்கள் விலகினால் எங்கள் விவரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா?
5. பழுது வந்தால் யாரைக் கூப்பிடுவது?

நான்காவது கேள்விக்கு நேரான பதில் வரவில்லை என்றால் வாங்க வேண்டாம். வாடிக்கையாளர் பட்டியல் குழுவின் சொத்து.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. வாடிக்கையாளர் நம்மை நம்பித்தான் போன் நம்பர் கொடுக்கிறார். எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். தனிநபர் விவரப் பாதுகாப்புக்கென்று 2023-ல் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. ஆதார் எண் நமக்குத் தேவையில்லை, கேட்க வேண்டாம். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்ல வேண்டாம். பாஸ்வேர்டு ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவர் ஊருக்குப் போனால் வியாபாரம் நின்றுவிடும். வங்கிக் காசோலையில் இரண்டு பிரதிநிதிகள் கையெழுத்துப் போடுவது மாதிரி, இதிலும் இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும். பொறுப்பு மாறும்போது பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் விற்பனை விவரம் இப்போது எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது? யார் யார் எழுதுகிறார்கள்?
2. முகவரி, இருப்பு, பணம், பாக்கி: எதற்கு எது தாய்ப் பதிவேடு? தீர்மானமாக எழுதுங்கள்.
3. வாடிக்கையாளர்களுக்கு எண் கொடுத்து ஒரு பட்டியல் போடுங்கள். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், 40 பக்க நோட்டு ஒன்று போதும்.

சாஃப்ட்வேர் வாங்காத குழுவும் இந்த மூன்றையும் செய்யலாம். செய்து முடித்த குழுவுக்கு எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் பயமில்லை. எழுதிய பட்டியலை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.