ஷூவுக்கு எண்ணெய்க் குளியல் எதற்கு?

தூத்துக்குடியில் தோல் ஷூ விறைத்துப்போனால் கை நேராகத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குத்தான் போகும். "காஞ்சு போச்சு அண்ணாச்சி, ரெண்டு சொட்டு தேச்சு விடுங்க, மெதுவாயிடும்" என்று யோசனை சொல்லவும் ஆள் இருப்பார். ஆனால் இந்த ஊரில் தோல் காய்ந்து கெடுவதைவிட உப்பேறிக் கெடுவதுதான் அதிகம். நோய் ஒன்று, மருந்து வேறொன்று.

ஹார்பரில் சரக்கு இறக்கும் இடத்தில் நிற்பவர், உப்பளத்து வரப்பில் நடப்பவர், திரேஸ்புரம் கரையில் மீன் ஏலம் எடுப்பவர் யாருடைய ஷூவையும் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளைந்து வளைந்து ஒரு வெள்ளைக் கோடு ஓடும். உப்புதான். ஈரக்காற்றில் அது தண்ணீரை இழுத்துக் கரையும், வெயிலில் மறுபடி படிகமாக இறுகும். ஒவ்வொரு தடவையும் தோலின் இழைகளை உள்ளிருந்து நெம்பும். அதன்மேல் எண்ணெய் தடவினால் கோடு மறையும், உப்பு உள்ளேயே இருக்கும்.

உப்பை எடுக்க வினிகர் வேண்டும் என்றொரு நம்பிக்கையும் உண்டு. சோற்றுப்பு வெறும் தண்ணீரிலேயே கரையும் பொருள். நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று தடவை ஒற்றி எடுத்தால் போதும். ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில் கவனம் வேண்டும். போர்த் தண்ணீரே உப்புக் கரிக்கும் தெருக்கள் இங்கே பல. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில் துணியை நனையுங்கள். துணி சோப்பு ஆகாது; தோல் லேசான அமிலத் தன்மை உடையது, அந்தச் சோப்பு காரம்.

அடுத்து, எல்லாத் தோலும் எண்ணெய் குடிக்கும் என்ற நினைப்பு. மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி உருண்டு நின்றால் மேலே நிறமும் பிளாஸ்டிக் பூச்சும் இருக்கிறது. இன்றைய ஆபீஸ் ஷூ, பாதுகாப்பு ஷூ பெரும்பாலும் இந்த ரகம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் நடக்கும் குரோம் பதனிடுதலில் வருவது. இதற்கு வேண்டிய எண்ணெயைத் தொழிற்சாலையிலேயே தண்ணீரோடு கலந்து, டிரம்மில் உருட்டி, இழைக்கு இழை ஏற்றிவிடுகிறார்கள். நாம் மேலே தேய்ப்பது பூச்சின்மேல் நின்று தூசியைச் சேர்க்கும். தையல் ஓட்டை வழியாக இறங்கி அடிப்பாகத்துப் பசையை இளக்கும். மெழுகு பாலிஷோ, தண்ணீர் கலந்த கிரீமோ மெல்லியதாகப் போடலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சொட்டு உடனே உள்ளிறங்கிக் கருத்தால் அது பட்டையில் பதனிட்ட தோலாக இருக்கலாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் நெடுங்காலமாகச் செய்துவரும் வகை. பெல்ட், பை, சில செருப்புகள் இதில் வரும். எண்ணெய் கேட்பது இதுதான், அதுவும் கொஞ்சமாக. பதனிடுபவர்கள் புங்கெண்ணெய் பயன்படுத்தியிருக்கிறார்கள். கடையில் நீட்ஸ்ஃபுட் ஆயில் என்று கிடைப்பது மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது, குளிரிலும் எளிதில் உறையாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் தோல்மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சையா எண்ணெயா என்று குழம்ப வைக்கும். பட்டையில் பதனிட்ட தோல் பெல்ட்டில் பக்கிள் ஊசி போகும் ஓட்டையைச் சுற்றிக் கருப்பு வளையம் விழுந்திருந்தால் அது அழுக்கு அல்ல. உப்புக்காற்றில் துருப்பிடித்த இரும்பு, பட்டைச் சாற்றோடு சேர்ந்து மையாகிவிட்டது. எதைத் தேய்த்தாலும் லேசில் போகாது. பித்தளைப் பக்கிளாகப் பார்த்து வாங்குங்கள்.

"படகுப் பலகைக்கே மீன் எண்ணெய் பூசுறோம், செருப்புக்கு ஆகாதா?" என்று கேட்பவர்கள் பாதி சரி. கார் துடைக்கும் ஷாமி தோலைப் பதனிடுவதே மீன் எண்ணெய்தான். ஆனால் அந்த எண்ணெய் காற்றுப்பட்டு இறுகுவதால்தான் அங்கே பதம் கிடைக்கிறது. அதே குணத்தால் உங்கள் ஷூவின் மேல் அது பிசினாகப் படியும். வாடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தெருப் பூனைகள் சொல்லும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடித்ததும் மொட்டைமாடியில் காய வைப்பது இன்னொரு வழக்கம். நனைந்த தோலுக்குச் சுள்ளென்ற வெயில் ஆகாது, சுருங்கி விறைக்கும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள்.

கடைசியாக, அட்டைப்பெட்டியில் பூட்டி வைத்த புது ஷூ. வருடக்கணக்கில் போடாமல் வைத்து எடுத்தால் அடிப்பாகம் ரொட்டித்தூள் போல உதிரும். மேல்தோலுக்கு எவ்வளவு எண்ணெய் போட்டிருந்தாலும் இது நிற்காது. பாலியூரித்தேன் சோல் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதைகிறது, இரண்டுக்கும் நம் கடற்கரையில் குறைவில்லை. பாதுகாப்பு ஷூவில் தயாரித்த தேதி குறித்திருக்க வேண்டும். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று இரண்டு ஜோடி எடுப்பதற்கு முன் அதைத் தேடிப் பாருங்கள்.