முன்பனியில் முகட்டு வழி

திருத்தணி, மார்கழித் திங்கள்



இமயத்தில் உறைந்து விழும் வெண்பனிக்கும் திருத்தணியின் புல்நுனியில் திரளும் நீர்த்துளிக்கும் தமிழில் பனி என்பதே பெயராக இருப்பதால், வடநாட்டு மலையேற்ற நூல்களைப் படித்துவிட்டு வரும் மாணவர், கம்பளி உடையைப் பற்றி நிறையச் சிந்தித்து, காலடி ஈரத்தை மறந்துவிடுவதுண்டு. இப்பகுதிக் குன்றுகளில் குளிரால் வரும் இடர் சிறிது. வழுக்கலால் வருவதே பெரிது.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மண்ணையும் பாறை இடுக்குகளையும் நனைத்துச் சென்றபின், மார்கழியும் தையுமாகிய முன்பனிக் காலத்தில், வானம் தெளிந்து காற்று ஓய்ந்த இரவுகளில், நிலம் தன் வெப்பத்தை வானுக்கு உமிழ்ந்து, மேலுள்ள காற்றைவிட விரைவாகக் குளிர்கிறது. காற்றிலுள்ள நீராவி நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்பர். கல் அந்நிலைக்குக் குளிர்ந்ததும் அதன்மேல் ஈரம் படிகிறது. பொதுவாக 100 மீட்டர் ஏறினால் வெப்பம் 0.65 டிகிரி அளவுக்குக் குறையும் என்றாலும், இத்தகைய இரவுகளில் கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதால், அடிவாரம் மூடுபனியில் மறைந்திருக்க, முகடு சற்று வெதுவெதுப்பாகவும் தெளிவாகவும் இருக்கலாம். இதனை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பர். ஆகவே கீழிருந்து பார்த்து மேல்வழியின் நிலையை முடிவுசெய்வது தவறு.

முகடு என்பது இரு சரிவுகள் கூடும் உயர்விளிம்பு. அதன் இரு பக்கங்களும் ஒரே வேகத்தில் உலர்வதில்லை. திருத்தணி ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், டிசம்பர் 21ஆம் நாளை ஒட்டி நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 30 டிகிரி சாய்ந்த தென்சரிவு அப்போது ஏறக்குறைய நேர்க்குத்தான ஒளியைப் பெற, அதே சாய்வுள்ள வடசரிவு அதில் ஐந்தில் இரண்டு பங்கையே பெறுகிறது. தென்புறம் காய்ந்த பின்னரும் வடபுறப் பாறையில் ஈரமும் பாசியும் தங்கிவிடுவதற்கு இதுவே காரணம். ஏறும்போது தென்சரிவில் கிடைத்த பிடிமானத்தை நம்பி வடசரிவில் அதே வேகத்தில் இறங்குபவர் சறுக்குவதில் வியப்பில்லை.

திருத்தணி முருகன் கோயிலுக்குச் செல்லும் 365 படிகளிலும் இதே பாடத்தைக் கற்கலாம். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த திருப்படித் திருவிழா டிசம்பர் 31 அன்று, படிக்கொரு பாடலாக, இப்பருவத்தில்தான் நிகழ்கிறது. பல காலடிகள் பட்டு வழவழப்பான கல்லில் பனியும் படியும்போது, விலையுயர்ந்த காலணிக்கு இடமில்லாத அவ்வழியில், பாதம் முழுவதும் பதியக் குறுகிய அடிகளாக வைத்து நடப்பதே உதவும். நகரி மலைப்பக்கம் நீளும் ஒற்றையடிப் பாதைகளுக்கும் இம்முறையே பொருந்தும். காப்புக்காடாயின் வனத்துறையின் அனுமதி முதலில் வேண்டும். ஈரம் ஓரளவு உலர்ந்தபின் புறப்படுவது நல்லதெனினும், டிசம்பரில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், திரும்பும் நேரத்தைப் புறப்படும்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

மாசியும் பங்குனியுமாகிய பின்பனிக் காலத்தில் ஈரம் வற்றி, உலர்ந்த சரளை காலுக்கடியில் உருள, காய்ந்த புல் எளிதில் தீப்பற்றும் நிலையை அடைகிறது. தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மலையேற்றத்திற்குச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த 2018 மார்ச் 11ஆம் நாள், மாசியின் கடைசி நாட்களில் ஒன்று.