தேனீயின் மயிரில் ஒட்டும் ஈயம்

தஞ்சாவூர்,
மாசி 12

அன்புள்ள கயல்விழிக்கு,

நெல்லுக்குத் தேனீ வேண்டாம். தன் மகரந்தத்திலேயே அது கதிர் முற்றிவிடும். அதனால்தான் ஆற்றுப்பாசன ஊர்களில் தேனீயைப் பற்றி அதிகம் பேச்சு எழுவதில்லை. ஆனால் பொங்கலுக்கு உன் பாட்டி சமைக்கும் பரங்கிக்காயை நினைத்துப் பார். அந்தக் கொடியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. மகரந்தத்தைச் சுமந்துவர ஈயும் தேனீயும் இல்லாவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். வெள்ளரிக்கும் அதே நிலைமைதான். அறுவடையான வயலில் விதைக்கும் எள்ளிலும் தேனீ வந்துபோனால் காய் கூடுதலாகப் பிடிக்கும்.

அந்தத் தேனீயின் உடம்பெல்லாம் மயிர். பறக்கும்போது அதில் லேசான மின்னூட்டம் ஏறும். மகரந்தம் ஒட்டிக்கொள்ள அது உதவுகிறது. தூசியும் அதே வழியில்தான் ஒட்டுகிறது. சாலைத் தூசியில் பிரேக் தேய்ந்து உதிரும் தாமிரமும் டயர் தேய்ந்து உதிரும் துத்தநாகமும் இருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன் மண்ணில் படிந்த ஈயம் இலைதழைபோல மக்கிப் போகாது.

இதனால் தேனீக்கு என்ன ஆகிறது? பெங்களூருவில் கீதா திம்மேகவுடா, ஷானன் ஆல்சன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் மூன்றாண்டுகளுக்கு மேல் அதற்கு விடை தேடினார்கள். காற்று சுத்தமான இடம் முதல் மிகவும் மாசுபட்ட இடம் வரை, மஞ்சள் மணிப்பூ பூக்கும் டெக்கோமா செடிகளில் 1,820 மலைத்தேனீக்களைப் பிடித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2020-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் வந்தது.

மாசு மிகுந்த இடங்களில் பூவுக்கு வந்த தேனீக்களே குறைவு. வந்தவற்றின் உடலில் ஈயம், ஆர்சனிக் கலந்த நுண்துகள்கள் அப்பியிருந்தன. இதயத் துடிப்பு சீர்கெட்டிருந்தது, இரத்த அணுக்கள் குறைந்திருந்தன. நடுத்தர மாசும் கடும் மாசும் உள்ள இடங்களில் பிடித்த தேனீக்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் இறந்தன. பிடிக்கும்போது அவை பூக்களில் தேனெடுத்துக்கொண்டிருந்தவை. பார்வைக்கு நன்றாக இருக்கும் தேனீயும் உள்ளே நலிந்திருக்கலாம் என்பதுதான் இதில் கவலைக்குரியது.

பாரிஸில் 2019-இல் நோத்ர தாம் தேவாலயம் எரிந்தபோது கூரையின் ஈயம் புகையோடு பறந்தது. புகை போன திசையிலிருந்த தேன்கூடுகளின் தேனில் பிறகு ஈயம் கூடியிருந்தது. சுற்றுப்புறத்தில் விழுவதைத் தேனீ அப்படியே கூட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறது.

நம் காவிரி டெல்டாவுக்கு இப்படிப்பட்ட உலோகப் புகையிலிருந்து ஒரு காவல் உண்டு. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இங்கே புதிதாகத் தாமிரம், துத்தநாகம், அலுமினியம் உருக்கும் ஆலைகளைத் தடை செய்கிறது. ஆனால் பழைய ஒயரை எரித்துத் தாமிரம் எடுக்கும் புகையையும், கொல்லையில் உடைத்துப் போடும் பேட்டரியையும் அந்தந்த ஊர்க்காரர்கள்தான் நிறுத்த வேண்டும். உங்கள் தெருவில் யாராவது அப்படிச் செய்தால் அப்பாவிடம் சொல், அவர் பக்குவமாக எடுத்துச் சொல்வார்.

பங்குனியில் எள் பூக்கும்போது நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள். தார்ச்சாலையை ஒட்டிய வயலில் பத்து நிமிடம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ள வயலில் பத்து நிமிடம், காலை எட்டு மணி வாக்கில் நின்று எத்தனை தேனீ வந்தது என்று எண்ணு. ஒரு வாரம் எண்ணி, இரண்டு பட்டியலையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பெரியப்பா